பெரிய வெள்ளி வழிபாடு: திருப்பலிப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

ஆண்டு முழுவதும் கோவில் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூடப் பெரிய வெள்ளியன்று வந்துவிடுவார்கள். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பங்குகளில் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் ஈஸ்டருக்கு ஊர் திரும்பியிருப்பார்கள். கிளைக் கிராமத்து மக்களும் டவுன் பஸ் பிடித்துப் பங்குக் கோவிலுக்கே வந்து சேர்வார்கள். இத்தனை பேர் கூடும் இந்த வழிபாடு ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. அதனால் யாருக்கும் அது கைக்குப் பழகுவதில்லை. கைக்குப் பழகியதெல்லாம் ஞாயிறு திருப்பலிதான், அதாவது பூசைதான்.

சிக்கலும் அங்கேதான். பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. அன்று நடப்பது, இயேசுவின் துன்பத்தையும் இறப்பையும் நினைவுகூரும் ஆண்டவரின் திருப்பாடுகள் வழிபாடு. ஆனால் பீடச்சிறுவன் பழக்கத்தில் மணியைத் தேடுவான். பாடகர் குழு வருகைப் பாடலுக்குத் தயாராக நிற்கும். கோவிலைக் கவனித்துக்கொள்ளும் கோவில்பிள்ளை பீடத்தில் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றுவார். மக்கள் நெற்றியில் சிலுவை வரையக் கையைத் தூக்குவார்கள். அன்று தவறாகப் போகும் பத்து விஷயங்களில் எட்டு, திருப்பலிப் பழக்கம் தானாக வந்து புகுந்துகொள்வதால் வருபவை. கோவில்பிள்ளைகள், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர்கள், பாடகர் குழுவினர், பீடச்சிறுவர்களைப் பழக்கும் அருள்சகோதரிகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் வழிபாட்டின் கட்டமைப்பு. இறைவார்த்தை வழிபாடு, திருச்சிலுவை ஆராதனை, நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) உட்கொள்ளுதல் என மூன்று பகுதிகள், இதே வரிசையில். நேரம் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. மக்களின் வசதிக்காகத் தள்ளி வைக்கலாம், ஆனால் இரவு ஒன்பதைத் தாண்டக் கூடாது. பழைய காலத்தில் இது காலையிலேயே முடிந்துவிடும். நற்கருணையையும் குரு மட்டுமே உட்கொள்வார். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தபோதுதான் வழிபாடு பிற்பகலுக்கு மாறியது, மக்களுக்கும் அன்று நற்கருணை கிடைத்தது. 1956 முதல் அது நடைமுறை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை வேறு மரபு. இங்கே கத்தோலிக்க முறையை மட்டும் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை வேலை வியாழன் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அதில் தலையாயது அப்பக் கணக்கு. வெள்ளியன்று திருப்பலி இல்லாததால் அன்று புதிதாக அப்பம் அர்ச்சிக்க வழியே இல்லை. இரண்டு நாளுக்கும் வேண்டியதை வியாழன் இராவுணவுத் திருப்பலியிலேயே அர்ச்சித்தாக வேண்டும். அதுவும் அந்தத் திருப்பலி தொடங்கும்போது நற்கருணைப் பேழை வெறுமையாக இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு; ஆகவே பழைய மிச்சத்தை நம்பி உட்காரவும் முடியாது. வியாழன் கூட்டத்தைப் பார்த்து வெள்ளிக் கூட்டத்தை மதிப்பிடுவது பெரிய தவறு. வேலைக்குப் போய்விட்டு வியாழன் மாலை வர முடியாதவர்கள் எல்லாரும் மறுநாள் விடுமுறையில் வருவார்கள். போன ஆண்டு வெள்ளியன்று எத்தனை செலவானது என்று கோவில் நோட்டில் குறித்து வைத்திருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் வியாழனுக்குப் போடுவதைப் போல இரண்டு மடங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். குறைந்துபோனால் அப்பங்களைப் பிட்டுக் கொடுக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அதைக் கடைசி ஐம்பது பேர் நிற்கும்போது யோசிக்கக் கூடாது. பாத்திரம் பாதி ஆனதுமே குருவிடம் சொல்லிவிட வேண்டும்.

வியாழன் திருப்பலி முடிந்து நற்கருணையை இடமாற்றப் பவனியாக எடுத்துச் சென்ற பிறகு பீடத்தைக் களைய வேண்டும். துணி, திரித்தண்டு, பூ, மைக், வாசக நூல் தாங்கி என்று பீடத்தின் மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. இதற்குச் சடங்கு எதுவும் இல்லை. சத்தமில்லாமல் இரண்டு பேர் செய்தால் போதும். கோவிலில் உள்ள சிலுவைகளை அகற்றலாம், முடியாதவற்றை மூடிவைக்கலாம். வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியைக் காலி செய்வதும் இந்த நேரத்தில்தான். சாம்பல் புதன் முதலே தொட்டியைக் காயப்போட்டு மணலும் முள்ளும் நிரப்பும் வழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது. அது சரியல்ல. தவக்காலம் முழுவதும் தீர்த்தம் இருக்க வேண்டும். திருமுழுக்கை நினைவூட்டும் பொருளை நாற்பது நாள் மறைத்து வைக்க ஒரு காரணமும் இல்லை.

வியாழன் "வானவர் கீதம்" பாடும்போது அடித்த மணி இனிச் சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில்தான் ஒலிக்கும். கோவிலுக்குள் இருக்கும் கைமணிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் எந்தச் சிறுவனும் எடுப்பான். மக்களை அழைக்க மரத்தட்டு வேண்டும். ஒரு அடி நீளம், அரையடி அகலம், ஓரங்குலத் தடிமன் உள்ள பலகையின் நடுவில் மரச்சுத்தி ஒன்றைத் தளர்வாகக் கோத்துக் கட்டினால் போதும், ஆட்டும்போது இருபுறமும் அடிக்கும். மென்மையான மரத்தில் செய்தால் சத்தம் அமுங்கிவிடும். தேக்கு நல்லது. அதே 'வானவர் கீதம்' முதல் திருவிழிப்பின் 'வானவர் கீதம்' வரை இசைக்கருவிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே வாசிக்கலாம். 1988இல் வந்த பாஸ்கா விழாக்கள் பற்றிய உரோமைச் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. இடைவெளி கிடைத்த இடமெல்லாம் கீபோர்டில் சோக இசை இழைய விடுவது இந்த வழிபாட்டுக்குச் செய்யும் பெரிய கேடு என்பது என் உறுதியான கருத்து. அன்றைய மௌனம் நிரப்பப்பட வேண்டிய வெற்றிடமல்ல, வழிபாட்டின் ஒரு பகுதி.

இனி நம் வெயில். ஈஸ்டர், மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு. ஆகவே பெரிய வெள்ளி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியைத் தொட்டுக்கொண்டே வரும், சில ஆண்டுகளில் சித்திரைக்குள் போய்விடும். குன்றக்குடியில் பங்குனி உத்திரக் கூட்டம் இருக்கும் வாரத்திலேயே இது வந்தால் பஸ்ஸும் கிடைக்காது, பூவும் விலை ஏறியிருக்கும். பூ நமக்கு அன்று தேவையில்லை என்பது ஒரு ஆறுதல். பஸ் விஷயம் அப்படியல்ல. கிளைக் கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் மூன்று மணியா, நான்கா என்று முடிவு செய்ய வேண்டும். வழிபாடு கூட்டத்தைப் பொறுத்து ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். நடுவில் பஸ்ஸுக்காக எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிலுவை முத்திக்கு (சிலுவையை முத்தமிட) வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் போவார்கள்.

மூன்று மணி வெயிலில் கூரை காய்ந்துகொண்டிருக்கும். பலர் ஒருசந்தி (ஒருவேளை முழு உணவு மட்டும் உண்ணும் நோன்பு) இருந்து வந்திருப்பார்கள். 18 வயது நிரம்பியவர்கள் முதல் 59 வயது நிரம்பாதவர்கள் வரை அன்று ஒருசந்தி கடமை. 14 வயதுக்கு மேல் எல்லாருக்கும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல். ஆனால் தண்ணீர் குடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிடிவாதமாக இருக்கும் அப்பத்தாக்களிடம் இதைக் குருவே முந்தின ஞாயிறு சொல்லிவிட்டால் மயங்கி விழுவது பாதியாகக் குறையும். வாசலில் நிழலில் மண்பானையில் தண்ணீர், பக்கத்திலேயே இரண்டு பேர் பொறுப்புக்கு. மின்விசிறியை நிறுத்தாதீர்கள். மெழுகுதிரி அணைகிறது என்று விசிறியை நிறுத்திவிட்டு மக்களை வேகவைப்பதைவிட, திரிக்குக் கண்ணாடிச் சிம்னி வாங்கிப் போடுவது மேல். வெயிலில் வைத்த பெட்டியிலிருந்து எடுத்த திரி நிற்காமல் வளையும். அதை முந்தின நாளே குளிர்ந்த அறையில் படுக்கை வாட்டில் வைத்திருக்க வேண்டும்.

குருவுக்கு அன்று சிவப்புத் திருவுடை. தவக்காலம் என்பதால் ஊதாவை எடுத்து வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கறுப்பு பழைய முறை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரின் விழாவுக்கு அணியும் அதே மறைசாட்சியச் சிவப்புதான் இதுவும். அதே உடையைக் குருத்து ஞாயிறன்று வெயில் பவனியில் போட்டு வியர்வையோடு மடித்து வைத்திருப்பார்கள். திங்களன்றே துவைத்து உலர்த்திவிடுங்கள்.

மக்கள் அமர்ந்ததும், குரு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு, அறிவிப்புகள் அனைத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். குரு உள்ளே வரும்போது பாட்டு இல்லை, எல்லாரும் முழங்காலிட வேண்டும். தொடக்கத்தில் சிலுவை அடையாளமும் வாழ்த்தும் இல்லை. பாடுகளின் நற்செய்தியில் எந்த இடத்தில் முழங்காலிட வேண்டும். சிலுவை முத்திக்கு எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்ப வேண்டும். முடிந்ததும் பேசாமல் கலைய வேண்டும். இவ்வளவையும் முன்பே சொல்லிவிட்டால் வழிபாட்டுக்குள் "அன்பார்ந்த மக்களே, இப்போது நாம்" என்று ஒருவர் மைக்கில் குறுக்கே வர வேண்டிய தேவையே இராது.

குரு மௌனமாக வந்து, பீடத்துக்கு வணக்கம் செலுத்தி, தரையில் முகங்குப்புற விழுந்து வணங்குவார். உடல்நிலை இடம் தராவிட்டால் முழங்காலிடுவார். மக்கள் முழங்காலில். எவ்வளவு நேரம் என்று விதி இல்லை. இரண்டு நிமிடம் என்பது உண்மையில் நீளமாகத் தெரியும், அந்த நீளம் வேண்டும். நம் பகுதிக் கோவில்கள் சிலவற்றில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதில் முந்தின இரவு ஆராதனையில் சிந்திய மெழுகு ஒட்டியிருந்தால் வழுக்கும், திருவுடையிலும் பிடிக்கும். கத்தியால் சுரண்டினால் கல்லின் மேற்பூச்சும் நிறமும் சேர்ந்து போய்விடும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி மெழுகின்மேல் சற்று நேரம் வைத்தால் அது இறுகும், பிறகு மரக்கரண்டியின் விளிம்பால் நெம்பினால் ஒரே தகடாகப் பெயர்ந்து வரும்.

எழுந்து இருக்கைக்குப் போன குரு "மன்றாடுவோமாக" என்று சொல்லாமல் நேரடியாக மன்றாட்டைத் தொடங்குவார். மக்கள் அந்தச் சொல்லுக்குக் காத்திருப்பார்கள், அதனால்தான் முன்னறிவிப்பு. வாசகங்கள்: எசாயா 52:13 முதல் 53:12 வரை, திருப்பாடல் 31, எபிரேயர் 4:14-16, 5:7-9. எசாயா வாசகம் துன்புறும் ஊழியன் பற்றியது. வேகமாக வாசித்தால் ஒன்றும் நிற்காது. ஊரில் நன்றாக வாசிப்பவர் ஒருவரே இருந்தால் அவரை இதற்குப் போடுங்கள். பாடுகளின் வரலாற்றுக்கு மூவர் எப்படியும் தயார் செய்துகொண்டு வருவார்கள்.

பாடுகளின் வரலாறு என்பது யோவான் நற்செய்தியின் 18, 19 ஆகிய இரண்டு அதிகாரங்களும் முழுமையாக, மொத்தம் 82 வசனங்கள். நிதானமாக வாசித்தால் இருபத்தைந்து நிமிடம். திரி இல்லை, தூபம் இல்லை, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" இல்லை, நூலில் சிலுவை வரைவதும் இல்லை. ஆண்டவரின் சொற்களைக் குருவும், நிகழ்வுரையை ஒருவரும், மற்றவர்களின் சொற்களை இன்னொருவரும் வாசிப்பது வழக்கம். மூவருக்கும் ஒரே மைக் வைத்தால் நடுவில் தள்ளுமுள்ளு. குறைந்தது இரண்டு, தாங்கியில் பொருத்தியதாக இருக்கட்டும். கையில் மாற்றிக்கொள்ளும் மைக் ஒவ்வொரு முறையும் "டொக்" என்று அடிக்கும். மூவரும் ஒரே அச்சு அளவில் படி எடுத்து, பக்கம் புரட்டும் இடம் யாருடைய வரியிலும் நடுவில் வராதபடி வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்னா, கயபா, மால்கு, கபதா, கொல்கொதா, அரிமத்தியா என்று பெயர்களை வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தாலே போதும்.

"எல்லாம் நிறைவேறிற்று" என்று சொல்லித் தலை சாய்த்து ஆவியை ஒப்படைத்தார் என்ற வரி வந்ததும் எல்லாரும் முழங்காலிட்டு மௌனம் காக்க வேண்டும். எவ்வளவு நேரம்? வாசகர் மனத்துக்குள் ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லி முடிக்கும்வரை என்று வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இராது. யார் முதலில் எழுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், நிகழ்வுரையாளர் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள். நிற்க முடியாத முதியவர்கள் வாசகம் முழுக்க உட்கார்ந்திருக்கட்டும், அவர்களை எழுப்பிவிட வேண்டாம். மறையுரை சுருக்கமாக இருக்க வேண்டும். யோவான் நற்செய்தியில் "யூதர்கள்" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அதை ஓர் இனத்தின்மீது பழியாகத் திருப்பாமல் பார்த்துக்கொள்வது மறையுரையாளரின் பொறுப்பு.

அடுத்து பொது மன்றாட்டுகள், பத்து. திருச்சபை, திருத்தந்தை, எல்லா நிலை இறைமக்கள், திருமுழுக்குக்குத் தயாராவோர், கிறிஸ்தவ ஒற்றுமை, யூத மக்கள், கிறிஸ்துவை நம்பாதோர், கடவுளை நம்பாதோர், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர். யூதருக்கான மன்றாட்டில் இருந்த கடுஞ்சொல்லை 1959இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் நீக்கினார். கருத்தை ஒருவர் வாசிப்பார், மௌனம், பிறகு குருவின் மன்றாட்டு. நேரமாகிறது என்று மௌனத்தை விழுங்கிவிட்டுக் கருத்தையும் மன்றாட்டையும் ஒட்டிப் படிப்பதுதான் இங்கு நடக்கும் கோளாறு. பத்துக்கும் பத்து நொடி கொடுத்தாலும் மொத்தம் நூறு நொடிதான் செலவாகும். முழங்காலிடச் சொல்லி எழச் சொல்லும் பழைய முறையைப் பின்பற்றினால் பத்து முறையும் பின்பற்றுங்கள், பாதியில் விட்டால் சபை குழம்பும்.

இனி திருச்சிலுவை. மக்கள் இதற்காகவே வருகிறார்கள்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் வந்த எகேரியா என்ற பெண், அங்கே பெரிய வெள்ளி எப்படி நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். துணி விரித்த மேசைக்குப் பின்னால் ஆயர் அமர்ந்து சிலுவை மரத்தின் இரு முனைகளையும் கையால் அழுத்திப் பிடித்திருப்பார். சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல். மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து முதலில் நெற்றியாலும் பிறகு கண்களாலும் தொட்டு முத்தமிட்டுக் கடந்து போவார்கள், கையால் தொட யாருக்கும் அனுமதி இல்லை. முன்பு ஒருமுறை யாரோ ஒருவர் முத்தமிடும் சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், அதனால்தான் காவல். கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் அப்பத்தாக்கள் தாமாகக் கொண்டுவந்த பழக்கம் என்று சிரிக்கிறவர்கள் இதை அறிய வேண்டும்.

காட்டும் முறை இரண்டு. முதலாவதில் ஊதாத் துணியால் மூடிய சிலுவையைத் திரி ஏந்திய இருவருடன் கொண்டுவந்து, குரு பீடத்தின் முன் நின்று மூன்று கட்டமாகத் திறப்பார். முதலில் மேற்பகுதி, பிறகு வலது கை, பிறகு முழுவதும். ஒவ்வொரு முறையும் சிலுவை மரத்தைக் காட்டும் அழைப்பைப் பாட, மக்கள் "வருவீர், ஆராதிப்போம்" என்று பதிலளித்து முழங்காலிட்டு மௌனமாக ஆராதிப்பார்கள். வலது கை என்பது சிலுவையில் உள்ளவரின் வலது கை, மக்களுக்கு இடப்பக்கம் தெரியும். இரண்டாவது முறையில் துணி இல்லை. வாசலருகே, நடுவில், பீட முற்றத்துக்கு முன் என மூன்று இடங்களில் நின்று உயர்த்திக் காட்ட வேண்டும். நீளமான கோவிலுக்கு இரண்டாவது பொருத்தம். அகலமான சிறு கோவிலுக்கு முதலாவது.

துணி மூடுவதில்தான் சங்கடம் வரும். ஒரே துணியைச் சுற்றி ஊசி குத்திவைத்தால் குரு பாடிக்கொண்டே ஊசி தேட வேண்டியிருக்கும், குத்தியும் விடும். துணியை மூன்று துண்டாக வெட்டுங்கள்: தலைக்கும் குறுக்குக் கட்டையின் மேல்விளிம்புக்கும் ஒன்று, வலக்கைக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் அதே நிற நாடாவால் பின்பக்கம் உருவு முடிச்சுப் போட்டு, இழுக்க வேண்டிய நுனியை மட்டும் நான்கு விரல்கடை வெளியே விடுங்கள். நாடா பாலியெஸ்டராக இருந்தால் முடிச்சு தானே வழுக்கி அவிழும். பருத்தி நாடாதான் பிடித்து நிற்கும். முந்தின நாள் ஒரு முறை, அன்று காலை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

சிலுவை மரத்துக்குக் காரைக்குடியில் பஞ்சமில்லை. பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்கு சாமான் கடைகளில் கிடைக்கும். நூறாண்டு காய்ந்த மரம் என்பதால் வெயிலில் முறுக்காது. ஐந்தடி உயரம், மூன்றடி குறுக்குக் கட்டை, மூன்றுக்கு இரண்டு அங்குலப் பருமன் என்றால் மரம் மட்டும் ஆறு கிலோ வரும். அதில் பொருத்தும் இயேசுவின் சுரூபத்தோடு எட்டைத் தொடும். அதைக் கைநீட்டி உயர்த்திப் பாடுவதற்குக் குருவின் தோளும் இடம் கொடுக்க வேண்டும், ஆகவே இதற்கு மேல் பெரிதாகச் செய்ய வேண்டாம். பழைய மரத்தில் ஆணி ஓட்டைகளை அடைத்துத் தேய்த்து, வார்னிஷ் வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். குருத்து ஞாயிறுக்குப் பிறகு பூசினால் அந்த வெக்கையில் பிசுபிசுத்து, துடைக்கும் துணியின் நூல் அதில் ஒட்டும், நெடியும் தங்கும்.

முத்திக்கு வைப்பது ஒரே சிலுவையாக இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்ப நான்கு சிறு சிலுவைகளை நான்கு மூலையில் வைப்பது வசதிதான், ஆனால் அந்த ஊரார் எல்லாரும் ஒரே மரத்தின் முன் வந்தார்கள் என்ற பொருள் போய்விடுகிறது. நேரக் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஐந்து நொடி என்றால் நானூறு பேருக்கு முப்பத்து மூன்று நிமிடம். இருபுறமும் வரிசை விட்டு மாற்றி மாற்றி வந்தால் இருபது நிமிடத்துக்குள் முடிக்கலாம். ஆயிரம் பேர் என்றால் ஒரு பகுதியினர் வந்த பிறகு குரு சிலுவையை வாங்கிப் பீடத்தின் முன் நடுவில் நின்று உயர்த்திக் காட்ட, மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே மௌனமாக ஆராதிக்கலாம். இதற்கு முறையான அனுமதி உண்டு. ஆனால் அவரவர் முத்தி செய்யும் வாய்ப்பை முடிந்தமட்டும் பறிக்காதீர்கள்.

குருதான் முதலில் வருவார், மேலுடையையும் காலணியையும் கழற்றிவிட்டு. கோவிலுக்குள் செருப்பு போடாத நமக்கு இது வியப்பாகத் தெரியாது. சிலுவையைப் பின்பக்கம் சற்றுச் சாய்த்து, சுரூபத்தின் பாதம் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கும்படி இரு பெரியவர்கள் பிடிக்க வேண்டும். மிகத் தாழ்வாக வைத்தால் முழங்கால் வலியுள்ளவர்களால் குனிய முடியாது. உயரத்தில் வைத்தால் சிறுபிள்ளைகளைத் தூக்கிக் காட்ட வேண்டிவரும். பிடிப்பவர்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கை நடுங்கத் தொடங்கினால் சிலுவை மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து வருகிறவரின் நெற்றியில் இடிக்கும். துடைக்க வெள்ளைப் பருத்தித் துணி, நான்காக மடித்தது, குறைந்தது எட்டு. ஒரு துணி ஐம்பது பேருக்கு மேல் தாங்காது. சானிடைசரில் நனைத்துத் துடைத்தால் சுரூபத்தின் வண்ணம் கலங்கி உதட்டில் ஒட்டும்.

இந்த நேரத்தில் எடுக்கும் காணிக்கை புனித நாட்டின் திருத்தலங்களுக்குப் போவது. சிலுவையின் அடியில் எவர்சில்வர் தட்டை வைத்தால் மௌனத்துக்கு நடுவே ஒவ்வொரு நாணயமும் கணீரென்று விழும். அதற்கு நம் பனையோலைக் கொட்டானைப் போலச் சிறந்தது எதுவும் இல்லை. அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டுவிட்டால் பத்து ரூபாய் நாணயம் விழுவதுகூடக் கேட்காது. அதையும் சிலுவையின் காலடியில் வைக்காமல் திரும்பிப் போகும் வழியில் வைக்க வேண்டும். முத்தியையும் காசையும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

பாடல்களுக்குத் தலைமை, மீக்கா நூலில் வேர்கொண்ட முறையீடுதான்: என் மக்களே, உங்களுக்கு நான் என்ன தீங்கு செய்தேன் என்று ஆண்டவர் கேட்பதாக வருவது. அதைப் பாதியில் வெட்டாமல் முழுவதும் பாடிவிட்டுப் பிற பாடல்களுக்குப் போங்கள். பாடகர் குழுவும் முத்திக்கு வர வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக நடுவிலேயே போய்வரட்டும்.

நற்கருணைப் பகுதி சுருக்கம். பீடத்தில் துணி, திருமேனித் துகில் (அப்பப் பாத்திரத்தை வைக்கும் சதுரத் துணி), திருப்பலி நூல் மூன்றும் வைத்து, குறுக்கு வழியாக நற்கருணையைத் தோள்துகில் அணிந்து, இரண்டு திரியோடு கொண்டுவர வேண்டும். ஆண்டவர் கற்பித்த செபம் உண்டு. சமாதான வாழ்த்தும் "உலகின் பாவம் போக்கும்" பாடலும் இல்லை. பாடகர் குழு பழக்கத்தில் அதைத் தொடங்காமல் இருக்க, பாட்டு நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து வையுங்கள். முடிந்ததும் மீதியைக் கோவிலுக்கு வெளியே தயாரித்த இடத்துக்கு எடுத்துச் சென்று, மக்கள்மீது மன்றாட்டுச் சொல்லி, அனைவரும் மௌனமாகக் கலைய வேண்டும். இறுதி ஆசீரும் இல்லை, பாடலும் இல்லை. பிறகு பீடத்தை மறுபடி களைந்து, சிலுவையை மட்டும் இரண்டு அல்லது நான்கு திரிகளோடு வைக்க வேண்டும். திருவிழிப்பு வரை அதைக் கடப்பவர் ஒரு முழங்காலிட்டு வணங்குவார்.

மாலையில் தூம்பா பவனி (இறந்த இயேசுவின் சுரூபத்தைச் சுமந்து செல்லும் ஊர்வலம்) உள்ள ஊர்களில் அதை இந்த வழிபாட்டோடு ஒட்டித் தைக்காதீர்கள். மக்கள் பக்தி முயற்சியாக அது தனியே, இருட்டிய பிறகு, தெருக்களில் நடக்கட்டும்.

கஞ்சி காய்ச்சும் ஊர்களுக்கு ஒரு கணக்கு. முந்நூறு பேருக்குப் பச்சரிசி நொய் 10 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு இரண்டரைக் கிலோ, தண்ணீர் 85 முதல் 90 லிட்டர், பூண்டு ஒரு கிலோ, வெந்தயம் 200 கிராம், உப்பு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, தேங்காய் 15. வெந்தயத்தை ஊறவைத்துத்தான் போட வேண்டும், அப்படியே போட்டால் கசப்பு முன்னே நிற்கும். தேங்காய்ப்பாலை இறக்கும் நேரத்தில் சேருங்கள். மதியமே சேர்த்துவிட்டால் அந்த வெயிலில் மாலைக்குள் புளிக்கும். அண்டாவின் அடி பிடித்தால் கிளறிக் கலக்காமல் மேலாகப் பாத்திரம் மாற்றிவிட வேண்டும், கலக்கினால் தீய்ந்த வாடை முழுக்க ஏறிவிடும். கஞ்சி வரிசையைக் கோவில் வாசலில் தொடங்காமல் வளாகத்தின் கோடியில் வையுங்கள். வாசலில் தூக்குவாளிச் சத்தம் கேட்டால் உள்ளே கடைசி வரிசை எழுந்துவிடும்.

இரவு பூட்டும் முன் கோவில்பிள்ளை மூன்று எண்களை நோட்டில் எழுத வேண்டும்: செலவான அப்பம், முத்தி தொடங்கி முடிய ஆன நேரம், கஞ்சிக்கு வந்த ஆட்கள். சனிக்கிழமை காலை மணிக்கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் அவர் வேலைதான். இரண்டு நாள் சும்மா கிடந்த கயிறு உருளையிலிருந்து நழுவியிருந்தால், திருவிழிப்பில் "வானவர் கீதம்" தொடங்கும்போதுதான் அது தெரியவரும்.